பாட்டியின் வாயை யார் பார்ப்பது?

(சிரம்பானில், தோட்டப் பகுதிக் குடும்பங்களும் முதியோர் இல்லப் பணியாளர்களும் கூடியிருந்த அவையில் ஓய்வுபெற்ற பல் தாதி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதியோர் இல்லத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்பு இருக்கும். இன்று ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, மலம் கழித்தாரா, முதுகில் புண் உண்டா, குளித்தாயிற்றா என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் போட்டிருப்பார்கள். வாய்க்குக் கட்டம் போட்ட கோப்பை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். உணவும் மருந்தும் பேச்சும் மூச்சும் வந்து போகிற இடம் அது. அதை இன்று யார் சுத்தம் செய்தார், எப்போது செய்தார், உள்ளே என்ன பார்த்தார் என்று எழுத ஒரு வரிகூடக் கிடையாது. எழுத இடமில்லாத வேலை யாருடைய வேலையாகவும் இருப்பதில்லை. இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

முதலில் இந்த முதியவர்கள் யார் என்று பார்ப்போம். நெகிரி செம்பிலானில் இன்று 75, 80, 85 வயதில் இருக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, போர்ட்டிக்சன், அந்தப் பக்கம் பகாவ், கெமாஸ் என்று இந்த மாநிலம் முழுக்கக் கித்தாக் காடாக, ரப்பர் தோட்டமாக, இருந்த காலத்தில் லயத்து வீட்டில் பிறந்தவர்கள். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, காண்டா வாளி சுமந்து, பால் கொட்டாயில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர்கள். வேலை இருக்கும் வரைதான் அந்த வீடு. வேலையிலிருந்து நின்றால் வீட்டை விட வேண்டும். பிறகு கித்தா செம்பனையானது. லாபு, நீலாய், செண்டாயான் பக்கம் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஷா ஆலத்துக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். நான்காவது மாடியில், மலிவு விலை அடுக்குமாடி வீட்டில், முழங்கால் வலியோடு தனியாக இருக்கும் ஒரு தாயை எத்தனை நாள் அப்படியே விட முடியும்? அப்படித்தான் பலர் இல்லங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் மனமில்லாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நான் பார்த்தவரை பெரும்பாலான பிள்ளைகள் அழுதுகொண்டேதான் கொண்டுவந்து விடுகிறார்கள்.

இந்த இல்லங்களும் ஒரே மாதிரி இல்லை. சமூகநலத் துறை நடத்தும் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இங்கே சிரம்பானில் இருக்கிறது. ஆதரவில்லாத, 60 வயதைக் கடந்த, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடியவர்களுக்கான இடம் அது. படுத்த படுக்கையானவர்களுக்கு கோல குபு பாருவிலும் டுங்கூனிலும் ரூமா ஏசான் என்று தனி இல்லங்கள் உண்டு. இவை தவிர, 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற தனியார் இல்லங்கள், அறநிலைய இல்லங்கள். பதிவே இல்லாமல் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் அம்மா எந்த வகை இல்லத்தில் இருந்தாலும் நான் கேட்கப்போகும் கேள்வி ஒன்றேதான்.

அதற்கு முன், அந்த வாய் இந்த நிலைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பாட்டியின் வாயைத் திறந்து பார்ப்பவர், "ஏன் இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்" என்று அவரையே குறை சொல்லிவிடுவார்.

தோட்டத்தில் பல் விளக்க அடுப்புக்கரி இருந்தது, உப்பு இருந்தது, வேப்பங்குச்சி இருந்தது. பல் வலித்தால் கிராம்பு வைப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் டிரசரிடம் போவார்கள். தோட்ட மருந்தகத்தை நடத்திய அந்த டிரசர்களை 1965ஆம் ஆண்டுச் சட்டம் முறையாகப் பதிவு செய்தது. காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் பிரசவத்துக்கும் அவர்கள் செய்த உதவியை நான் மறக்கவில்லை. ஆனால் பல்லுக்கு அவர்களால் அதிகம் செய்ய முடியவில்லை. வலிக்கு மாத்திரை கொடுப்பார்கள். அதிகம் போனால் நகரத்துக்கு அனுப்புவார்கள். நகரத்துக்குப் போனால் அரை நாள் சம்பளம் போய்விடும். அதனால் போனவர் ஒரே தடவையில் முடித்துக்கொண்டு வரத்தான் பார்ப்பார். முடிப்பது என்றால் பிடுங்குவது. பல்லை அடைத்துக் காப்பாற்றலாம் என்பதை என் அப்பா தன் ஐம்பதாவது வயதில்தான் கேள்விப்பட்டார். அதற்குள் அடைக்கப் பல் இல்லை.

இதே நாட்டில் பல்லுக்காக நடந்த இரண்டு பெரிய காரியங்கள் அந்தத் தலைமுறையைத் தொடாமலே கடந்து போயின. ஒன்று, 1949இல் பினாங்கில் தொடங்கிய பல் தாதிகள் பயிற்சி. நியூசிலாந்தைப் பார்த்து ஏற்படுத்தியது. பயிற்சி பெற்ற பெண்கள் பள்ளிக்கூடங்களுக்கே போய்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தார்கள். நானும் அந்த வழியில் வந்தவள்தான். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எங்களைப் "பல் மிசி" என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு ஓடி ஒளிந்துகொள்வார்கள். ஆனால் அந்தச் சேவை எல்லாத் தோட்டப் பள்ளிகளையும் எட்டுவதற்குள், இன்றைக்கு எண்பதைக் கடந்தவர்கள் பள்ளியை விட்டுப் பால் வெட்டப் போய்விட்டார்கள். இரண்டாவது, குடிநீரில் ஃபுளோரைடு சேர்த்தது. ஜொகூர் பாருவில் 1957இல் தொடங்கி, 1972இல் நாடு முழுமைக்கும் என்று முடிவானது. அப்போது இவர்கள் வளர்ந்து, பிள்ளை பெற்று, பாதிப் பல்லை இழந்திருந்தார்கள். தோட்டத்தில் பலர் குடித்ததும் கிணற்று நீரும் ஆற்று நீரும்தான்.

இன்னொரு பக்கம் கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி. வயிறு நிரம்பாத காலத்தில் அது பானமாக இல்லை, பாதி உணவாகவே இருந்தது. அதைக் குடித்துத்தான் வேலைக்குப் போனார்கள். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை.

வெற்றிலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வெற்றிலை பாக்கு போடுவதற்கு யாரும் காரணம் தேடியதில்லை. மரத்துக்கு மரம் நடக்கும்போது களைப்புத் தெரியாது, பசி தெரியாது. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு சுருள் மடித்துக் கொடுத்தால் அது உறவு. கல்யாணம், காதுகுத்து, காரியம், எங்கே போனாலும் தட்டு வைத்திருப்பார்கள். பல் போன பிறகும் விட்டதில்லை. சின்ன உரலில் போட்டு இடித்து வாயில் அடக்கிக்கொள்வார்கள். கன்னத்தின் ஒரே பக்கத்தில், மணிக்கணக்கில், நாற்பது ஐம்பது வருஷம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பழக்கம் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று 1985இலேயே சொன்னது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே அதைச் செய்யும் என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகச் சொன்னது. "நான் பொயலை போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்று சொல்லும் பாட்டிகளுக்காகவே இந்த இரண்டாவது செய்தியை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியரிடம், அதிலும் இந்தியப் பெண்களிடம் அதிகம். ஆராய்ச்சியாளர்கள் 1970களிலேயே இதை எழுதியிருக்கிறார்கள். 1993, 94ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் 11,697 பெரியவர்களின் வாயைத் திறந்து பார்த்த கணக்கெடுப்பிலும் இந்தியரிடம்தான் புற்றுநோய்க்கு முந்திய திட்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. அதன் பிறகு 1997 முதல் சுகாதார அமைச்சு, தோட்டங்களைப் போன்ற ஆபத்து மிகுந்த இடங்களுக்கே ஆட்களை அனுப்பி வாய்ப் பரிசோதனை செய்தது. நல்ல திட்டம். ஆனால் தோட்டம் கலைந்தபோது, தோட்டத்தைத் தேடி வந்த பரிசோதனை அந்த மக்களின் பின்னால் அடுக்குமாடிக்கும் முதியோர் இல்லத்துக்கும் போகவில்லை. வாயில் அரை நூற்றாண்டுப் பாக்கின் தடத்தோடு ஒரு பாட்டி இல்லத்தில் படுத்திருக்கிறார். அந்தக் கன்னத்தின் உட்புறத்தை அன்றாடம் யாரும் பார்ப்பதில்லை.

பார்ப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கன்னத்தின் உள்ளே, நாக்கின் ஓரத்தில், நாக்கின் அடியில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், தடித்த கட்டி. அல்லது வாய் முன்போல அகலத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்று அவரே சொல்வார். இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வாய்ப் புற்றுநோய் சீக்கிரம் தெரிந்தால் சின்ன அறுவை சிகிச்சையோடு போகக்கூடியது. நம்மவர்கள் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வருகிறார்கள்.

இனி இல்லத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஓர் இல்லத்தில் ஒரு பாட்டி பல நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ரந்தாவ் பக்கம் வாழ்நாள் முழுதும் பால் வெட்டியவர். கஞ்சி கொண்டுபோனால் "வேணாம் தாயி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பணியாளர்கள் நல்லவர்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள். பேத்தியும் வந்து பார்த்துவிட்டு, "தாத்தா நெனப்பு வந்திருச்சு, மனசு விட்டுட்டாங்க" என்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, வாயக் கொஞ்சம் காட்டுங்க, நான் தொடமாட்டேன்" என்றேன். வெகுநேரம் கழித்துத் திறந்தார். கீழ்ப் பல் செட்டைக் கழற்றியதும் ஈறில் நீளமாக ஒரு புண். செட் அவருடையதே இல்லை. ஒரு நாள் காலையில் எல்லார் செட்டையும் ஒரே தொட்டியில் போட்டுக் கழுவியபோது பக்கத்துக் கட்டில் அம்மாவுடையது இவருக்கு மாறிவிட்டிருக்கிறது. பேச்சுக் குழறும் அந்த அம்மாவும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. தோட்டத்துப் பெண்கள் வலியைச் சொல்லிப் பழகாதவர்கள். இரண்டு செட்டையும் மாற்றிக் கொடுத்தோம். புண் ஆறும்வரை செட் போடாமல் கூழாகக் கொடுக்கச் சொன்னோம். சில நாளில் மீன் குழம்பு கேட்டார்.

செட்டில் பெயர் எழுதுவது மிகச் சின்ன வேலை. செட் செய்யும் இடத்திலேயே கேட்டால் பெயரை உள்ளே பதித்துத் தருவார்கள். பழைய செட்டில்கூட அழியாத மையால் எழுதி, மேலே மெல்லிய பூச்சுக் கொடுக்கலாம். பல் கிளினிக்கில் கேட்டால் செய்வார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் ஒட்டிய தனி டப்பா இருந்தால் போதும், பாதிச் சிக்கல் தீரும்.

இன்னொன்று, வாய் காய்வது. வயதானால் எச்சில் வற்றும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் வற்ற வைப்பது மாத்திரைகள்தான். சிறுநீர் போக்கும் மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, மனச்சோர்வுக்கானது, சிறுநீர்ப்பைக்கானது, நடுக்கவாதத்துக்கானது. இவற்றில் மூன்று நான்கை ஒருவர் சேர்த்து விழுங்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எச்சில் இல்லாத வாயில் இனிப்புத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் ஒட்டி நிற்கும். ஈறு இறங்கி வெளியே தெரியும் பல்லின் வேர் மாதக் கணக்கில் சொத்தையாகி, கழுத்தில் ஒடிந்துவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "இவங்களுக்கு வாய் ரொம்பக் காயுது, மாத்த முடியுமா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை இல்லத்திலிருந்து யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நீரிழிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019இன் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டு எப்போதும் வீங்கியிருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும். இல்லத்தில் தினமும் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். வாயில் ரத்தம் கசிவதைப் பார்ப்பதில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "பல்லுதானே, அதனால் உயிரா போய்விடும்?" என்று நினைப்பவர்கள் இருக்கலாம். போகும். எப்படி என்று சொல்கிறேன்.

முதியோர் இல்லங்களில் பலரைக் கொண்டுபோவது நிமோனியா. விழுங்கும் தசைகள் தளர்ந்தவர்களுக்கு, குறிப்பாகப் பக்கவாதம் வந்தவர்களுக்கு, தூங்கும்போது எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாயில் இறங்கும். சுத்தமான வாயிலிருந்து இறங்கினால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். பல நாள் துலக்காத பல்லிலும் நாக்கிலும் செட்டிலும் படிந்திருக்கும் கிருமிப் படலம் அதோடு சேர்ந்து இறங்கினால் நுரையீரல் தாங்காது. ஜப்பானில் யோனேயாமாவும் அவருடைய குழுவினரும் 11 முதியோர் இல்லங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பணியாளர்களே ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல் துலக்கிவிட்டார்கள். பல் மருத்துவரோ பல் சுகாதாரப் பணியாளரோ வாரம் ஒரு முறை வந்து பார்த்தார்கள். மற்றப் பகுதியினர் வழக்கம்போலத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில், துலக்கிவிடப்பட்ட 184 பேரில் 21 பேருக்கு நிமோனியா; மற்ற 182 பேரில் 34 பேருக்கு. நிமோனியாவால் இறந்தவர்கள் முதல் பகுதியில் 14 பேர், இரண்டாம் பகுதியில் 30 பேர். 2002இல் முழு விவரமும் வெளியானது. அந்த இல்லங்களில் கூடுதலாகச் செய்தது வாயைச் சுத்தம் செய்து பார்த்துக்கொண்டது மட்டும்தான்.

அதே ஜப்பானில் 2015இல் வெளியான இன்னோர் ஆய்வு. 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்று ஆண்டு கவனித்ததில், இரவில் பல் செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. நம் இல்லங்களில் எத்தனை பேர் செட்டோடு தூங்குகிறார்கள்? இன்று இரவு போய் எண்ணிப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு; அதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் 14 இல்லங்களில் நடந்த பெரிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. பணியாளர்களுக்கு நன்றாகப் பயிற்சி கொடுத்தார்கள். முதல் ஆண்டில் நிமோனியா குறைந்தது. இரண்டு ஆண்டையும் சேர்த்துப் பார்த்தபோது சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதைக் காட்டி, வாயைத் துலக்கிப் பயனில்லை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதிலிருந்து தெரிவது வேறு. பயிற்சி கொடுத்தால் தொடங்குவார்கள். ஆள் மாறும், வேலை கூடும், கவனம் நழுவும், மெல்ல நின்றுவிடும். தொடர்ந்து நடக்க வேண்டுமானால் அது ஒருவருடைய பெயரில் எழுதப்பட்ட வேலையாக இருக்க வேண்டும். எழுதியது நடந்ததா என்று மேலே ஒருவர் கேட்கவும் வேண்டும்.

எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன். பணியாளர்களே, இது உங்களுக்கு.

சொந்தப் பல் உள்ளவருக்கு மென்மையான தூரிகையும், பட்டாணி அளவு ஃபுளோரைடு பசையும். காலையில் ஒரு முறை, படுக்கப் போகுமுன் ஒரு முறை. ஒரு வேளைதான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள். துலக்கிய பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வைக்க வேண்டாம். துப்பினால் போதும், பசை கொஞ்சம் பல்லிலேயே இருக்கட்டும். விழுங்கச் சிரமப்படுகிறவரை நிமிர்த்தி உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னே சாய்த்து, நுரை வராத பசையைத் தடவினாற்போல் போட்டுத் துலக்கி, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். எழ முடியாதவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து ஒருபோதும் வாயில் தண்ணீர் விடாதீர்கள். பல்லே இல்லாதவருக்கும் வாய் உண்டு. ஈறு, அண்ணம், நாக்கு மூன்றையும் ஆற வைத்த வெந்நீரில் நனைத்த மென் தூரிகையால் தடவிவிட வேண்டும். எலுமிச்சை, கிளிசரின் தோய்த்த குச்சிகளைச் சில இடங்களில் இன்னும் பார்க்கிறேன். அவை வாயை மேலும் காய வைக்கும், விட்டுவிடுங்கள். விழுங்கச் சிரமமில்லாதவருக்கு, காய்ந்த உதட்டுக்கும் நாக்குக்கும் அடிக்கடி இரண்டு மிடறு தண்ணீரே போதும்.

செட்டைச் சாதாரணச் சோப்பும் தூரிகையும் கொண்டு கழுவுங்கள். பற்பசை அதைக் கீறிவிடும், கொதிநீர் வளைத்துவிடும். கை நழுவினால் உடையாமல் இருக்கத் தொட்டியில் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். கழற்றிய இடத்தில் அண்ணம் சிவந்திருந்தால், வாயோரம் வெடித்திருந்தால், அது பூஞ்சையாக இருக்கலாம். மருந்து இருக்கிறது, கிளினிக்கில் காட்ட வேண்டும்.

பால் வெட்டும் கத்தியை வாழ்நாளெல்லாம் பிடித்த விரல்கள் இப்போது மடங்காது. அவர்களால் மெல்லிய தூரிகையைப் பிடிக்க முடியவில்லை என்றால் சைக்கிள் கைப்பிடி ரப்பரை அதில் மாட்டிவிடுங்கள். தானே துலக்கட்டும், விட்ட இடத்தை மட்டும் நீங்கள் முடியுங்கள். தன் வாயைத் தானே கழுவ முடிகிற மனிதருக்கு அதுவே ஒரு பலம்.

நினைவு தப்பியவர்களிடம்தான் உங்களுக்குக் கஷ்டம். கடிப்பார்கள், அடிப்பார்கள், தூரிகையைத் தட்டிவிடுவார்கள். அவர்களை நாம் முரடர்கள் என்று நினைத்துவிடுகிறோம். அவர்களுக்கு நடப்பது என்ன? தெரியாத ஒருவர் பின்னாலிருந்து வந்து தாடையைப் பிடித்து எதையோ வாய்க்குள் நுழைக்கிறார். யாராக இருந்தாலும் பயப்படுவார்கள். அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர் ரீட்டா ஜப்லோன்ஸ்கி இந்தப் பயத்தைக் குறைப்பதையே அடிப்படையாக வைத்து ஒரு முறையை உருவாக்கினார். முன்னால் வாருங்கள், அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள், பெயர் சொல்லிச் சிரியுங்கள். ஒரு தூரிகையை அவர் கையில் கொடுங்கள், இன்னொன்று உங்கள் கையில். அவர் தொடங்கட்டும், அல்லது உங்கள் கையை அவர் கைமேல் வைத்துச் சேர்ந்து செய்யுங்கள். கண்ணாடி முன் உட்கார வைத்தால் சிலருக்குப் பழைய பழக்கம் தானே வந்துவிடும். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு அரை மணி கழித்து வாருங்கள். "பாட்டி, கோயிலுக்குப் போகணும், வாயக் கழுவிக்கலாமா?" என்று கேட்டவுடன் எழுந்து உட்கார்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். எந்தச் சொல்லுக்கு அவர் எழுவார் என்பது அவருடைய பிள்ளைகளுக்குத்தான் தெரியும். பிள்ளைகளே, அதை இல்லத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். இன்று பல இல்லங்களில் பராமரிப்பவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்த பெண்கள். பாட்டிக்குத் தமிழும் கொஞ்சம் பாசார் மலாயும்தான் தெரியும். வலி, வாய், தண்ணீர் என்று பத்துச் சொற்களை எழுதிக் கட்டில் பக்கம் ஒட்டி வையுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. சுகாதார அமைச்சின் நடமாடும் பல் சிகிச்சைக் குழுக்கள் முதியோர் இல்லங்களுக்கு வருகின்றன. அதை நான் மதிக்கிறேன். வந்து பார்த்து, பிடுங்கி, செட்டுக்கு அளவெடுத்துப் போகிறார்கள். மறுநாள் காலையில் தூரிகையைப் பிடிப்பது யார் என்பதற்கு அந்த வருகையில் பதில் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பல் தாதி வேண்டும் என்று இந்த நாடு 1949இல் பயிற்சியைத் தொடங்கியபோது, டாக்டர் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதுதான் அதிலிருந்த அறிவு. அதே அறிவு வாழ்வின் மறுமுனைக்கும் வேண்டும். முதியோர் இல்லங்களை வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பல் சிகிச்சைப் பணியாளரை மாதந்தோறும் வரச் செய்யலாம். அவர் பிடுங்க வேண்டாம், துளைக்க வேண்டாம். வாயைப் பார்க்கட்டும், பணியாளர்களுக்குச் சொல்லித்தரட்டும், வேர்ச் சொத்தையில், அதை நிறுத்தும் சில்வர் டையமைன் ஃபுளோரைடு மருந்தைத் தடவட்டும். சொத்தைப் பகுதி கறுத்துப் போகும் என்பதுதான் அதன் முக்கியக் குறை. ஊசி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், விலையும் மிகக் குறைவு. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இல்லத்தில் சேரும் நாளிலேயே வாயைப் பார்த்து எழுத வேண்டும் என்று இங்கிலாந்தில் 2016இல் வழிகாட்டி வெளியிட்டார்கள். நூறு இல்லங்களுக்குப் போய்ப் பார்த்து 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி 52 விழுக்காட்டு இல்லங்களில் வாய் நலத்துக்கு எந்தக் கொள்கையும் இல்லை. வசதியுள்ள நாட்டிலேயே அப்படி. வழிகாட்டி வெளியிட்டதோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. நம் நாட்டில் 1993ஆம் ஆண்டுச் சட்டமும் தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புக்கான 2018ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. இல்லங்களைச் சோதிக்க வரும் அதிகாரி தீயணைப்புக் கருவியைப் பார்க்கிறார், சமையலறையைப் பார்க்கிறார். நான்கு கட்டில்களுக்குப் போய் நான்கு வாய்களையும் பார்க்கட்டும். எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஜேன் சால்மர்ஸ் உருவாக்கிய ஒரு பக்கப் படிவமே போதும். உதடு, நாக்கு, ஈறு, எச்சில், சொந்தப் பல், செட், சுத்தம், வலி என்று எட்டு வரிகள்; ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். பல் மருத்துவம் படிக்காத பணியாளரும் சில நிமிஷத்தில் நிரப்பிவிடலாம்.

அந்தப் படிவத்தைத் தமிழிலும் மலாயிலும் எழுதி இங்கே கொண்டுவந்திருக்கிறேன். வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. இல்லம் நடத்துகிறவர்கள், உங்கள் இல்லத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை படிகள் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பின் முதல் பக்கத்தில் கோத்து, பொறுப்பாளர் பெயரை மேலே எழுதுங்கள். பிள்ளைகள் ஒரு படி எடுத்துக்கொண்டு, அடுத்த முறை அம்மாவைப் பார்க்கப் போகும்போது இல்லத்து அலுவலகத்தில் கேளுங்கள்: "எங்க அம்மா வாய யார் பாக்கறாங்க? அவங்க பேர் என்ன?" இப்போது தேநீர் இடைவேளை. அதன் பிறகு பணியாளர்கள் மட்டும் முன்வரிசைக்கு வாருங்கள். செட் கழற்றுவதும், எழ முடியாதவருக்கு ஒருக்களித்த நிலையில் துலக்குவதும் எப்படி என்று செய்து காட்டுகிறேன். நீங்களும் ஒவ்வொருவராகச் செய்து பாருங்கள்.